இரண்டு பஞ்சமிக்கு நடுவே ஒரு கச்சேரி

எங்கே இருந்தாலும் ஒரு காதை இந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கும் என் அண்ணனுக்கு,

அவ்விடத்து நலம் அறிய ஆவல் என்று எழுதிவிட்டு நானே அடித்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் அப்படித்தான் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அங்கே உங்களுக்கு நலம்தான் என்று தெரிந்த பிறகுதான் இதை எழுதவே உட்கார்ந்தேன். பதினைந்து நாளைக்கு முன்னால் எழுதியிருந்தால் இது மன்னிப்புக் கடிதமாக இருந்திருக்கும்.

முதலில் வீட்டு விசேஷம். பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. எதிர் வீட்டில் டி.வி. பெட்டி வாங்கிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தெருவே அங்கேதான் கிடக்கிறது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நம் மைக்செட் கடையை ரஹீம் பாய்தான் தினமும் திறக்கிறார். உங்க நாற்காலியில் அவர் உட்காருவதில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டிருக்கிறார். "உக்காருங்க பாய், நாற்காலி என்ன பண்ணும்" என்றேன். "இருபது வருசமா நான் ஸ்டூலு, அவரு நாற்காலி. இப்ப மாத்தி உக்காந்தா எனக்கு வேல ஓடாது தங்கச்சி" என்கிறார்.

செல்வியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதற்குள் பசுவும் கன்றும் வந்துவிட்டது. என் வாய் உங்களுக்குத் தெரியாததா.

அண்ணே, உங்க மகள் பாடிவிட்டாள். அரியலூரில், முந்நூறு பேருக்கு முன்னால், அந்த வெள்ளைக்காரப் பாட்டு அத்தனையும். ஒரு குறையும் இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டால் எனக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கும், மற்றதை நிதானமாகச் சொல்லலாம்.

திருச்சி ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நீங்க சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "ஊரு உலகத்துக் கல்யாணத்துக்கெல்லாம் போனேன் காமாட்சி. எம் பொண்ணு பாடுறத ஒரு நாளு உக்காந்து கேக்கல." செல்வி நாலு வருசமாகத் திருச்சியில் அந்த ரயில்வே காலனிக்காரர்கள் பேண்டில் பாடிக்கொண்டிருந்தாள். பகலில் டைப்பிஸ்ட் வேலை, சனி ஞாயிறு பாட்டு. ஒவ்வொரு தடவையும் வரேன் வரேன் என்பீங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு காதுகுத்தோ, பூலாம்பாடித் திருவிழாவோ, எவனாவது மந்திரி கூட்டமோ குறுக்கே வரும். ஊரில் நாலு பேர் சந்தோஷமாக இருக்கும் நாளில்தான் மைக்செட்காரனுக்கு வேலை. உங்க மகள் பாடுகிற நாளும் அதே நாளாகத்தான் இருந்தது.

அவளுக்கு அந்தப் பாட்டு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று ஊர் என்னைக் கேட்கிறது. நான் யாரைச் சொல்ல? நீங்கதான் பொன்மலையில், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிற ஒரு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் குடும்பத்திடம் பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போய், அதோடு ஒரு பெட்டி இங்கிலீஷ் ரெக்கார்டையும் தூக்கிக்கொண்டு வந்தீங்க. எங்கே செட்டு கட்டினாலும் பிள்ளையார் பாட்டுக்கு முன்னால் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பெண்பிள்ளை பாடுகிற அதே ரெக்கார்டைப் போட்டு ஸ்பீக்கர் குழாயைச் சரிபார்ப்பீங்க. "இதுல ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக் கேக்கும், எந்தக் குழா கரகரங்குதுன்னு டக்குனு தெரிஞ்சிரும்" என்பீங்க.

அதற்கு ஊர் வைத்த பேர் டெஸ்டிங் பாட்டு. பெரம்பலூர் சுற்று வட்டாரத்தில் அந்தப் பெண்பிள்ளையின் குரல் கேட்டால் அடுத்தது பிள்ளையார் பாட்டு, அதற்கடுத்து கல்யாணம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தப் பாட்டைக் கேட்டதும் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுத் தலை சீவ உட்காருவார்கள். யாரும் அதைப் பாட்டாகக் கேட்டதில்லை. நானும்தான். அண்ணி செத்துப்போய், நான் தாலியறுத்து உங்க வீட்டுக்கு வந்து, செல்விக்குத் தலை பின்னிவிட்ட நாளெல்லாம் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் மட்டும் பாட்டாகக் கேட்டிருக்கிறாள்.

நீங்க போனதும் நான்தான் சட்டம் போட்டேன். வருசத் திதி முடிகிற வரைக்கும் மேடை ஏறக் கூடாது என்றேன். "ஏன் அத்தை?" என்று கேட்டாள். "ஒரு வருசத்துக்கு உசுரு எங்கயும் போவாது சாமி. வூட்டச் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். அப்பன் இங்க அலையறப்ப நீ அங்க பாட்டுக் கச்சேரி பண்ணுவியா?" என்றேன். அந்த வருசம் முழுக்க மேடையில் மட்டுமில்லை, சனி ஞாயிறு வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுகூட அவள் வாயிலிருந்து ஒரு முனகல் வரவில்லை. சட்டம் போட்டவள் நான்தான், ஆனால் அந்த அமைதி என்னையே பயமுறுத்தியது. பூட்டிய வீட்டுக்குள் கறையான் வருகிற மாதிரி தொண்டைக்குள் ஏதாவது வந்துவிடுமோ என்று தோன்றும்.

தை மாதத்தில் டெரன்ஸ் சார் திருச்சியிலிருந்து வந்தார். பேண்டுக்குத் தலைவர், ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். நல்ல மனுஷர். தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுகிறார். அரியலூரில் சிமெண்ட் ஆலைக்கு மெஷின் மாட்ட வெளிநாட்டு எஞ்சினியர்கள் வந்திருக்கிறார்கள், அவர்கள் ஊருக்குத் திரும்பும் முன்னால் ஆபீசர் கிளப்பில் ஒரு கச்சேரி கேட்கிறார்கள் என்றார். பங்குனி உத்திரத்துக்கு அடுத்த சனிக்கிழமை.

"அம்மா, ஒரு வருஷமா இந்தப் பொண்ணு இடத்தைக் காலியாவே வச்சிருக்கேன். பேண்டுல மத்தவங்க கேக்கறாங்க. பெங்களூர்ல ஒரு பொண்ணு வரத் தயாரா இருக்கு. இந்தத் தடவையும் செல்வி இல்லேன்னா நான் என்ன சொல்றது, சொல்லுங்க."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் நாள் காலண்டரை எடுத்தேன். நம் வீட்டில் ஐயர் வைக்கிற வழக்கம் இல்லை, நாள் பார்ப்பது என் வேலை. நீங்க போனது பங்குனி வளர்பிறைப் பஞ்சமி. தாளைப் புரட்டினேன். பங்குனி பிறக்கிற அன்றைக்கே பஞ்சமி போட்டிருந்தது. "திதி அன்னிக்கே முடிஞ்சிரும் சார். அதுக்கப்புறம் அவ தாராளமாப் பாடலாம்" என்று சொன்னேன். சொன்னேன் என்ன, பெரிய ஜட்ஜ் மாதிரி தீர்ப்பு கொடுத்தேன். செல்வி உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பங்குனி ஒன்றாம் தேதி படையல் போட்டோம். உங்க பங்காளி மகன் எள்ளும் தண்ணீரும் இறைத்தான். கீழப்பழுவூர்ச் சின்ன மாமா வந்து, சாம்பாரில் உப்பு கம்மி என்று சொல்லி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். செல்வி சாயந்திரமே திருச்சிக்குப் பஸ் ஏறினாள், ஒத்திகை இருக்கிறது என்று. படியில் நின்றுகொண்டு என்னவோ மெல்ல முணுமுணுத்தாள். ஒரு வருசத்துக்குப் பிறகு.

உத்திரத்தன்று நான் வாலிகண்டபுரம் கோயிலுக்குப் போனேன். அண்ணன் காரியம் நல்லபடி முடிந்தது என்று ஈஸ்வரனுக்கு ஒரு தீபம். குருக்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு எதையும் சொல்லாமல் இருக்க முடியாதே. அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்தார்.

"ஒண்ணாம் தேதியா பண்ணினீங்க? இந்த மாசம் பஞ்சமி ரெண்டு வர்றதும்மா. பொறக்கறச்சே ஒண்ணு, முடியறச்சே ஒண்ணு. ரெண்டு வந்தா பின்னாடி வர்றதைத்தான் எடுத்துக்கணும்."

"அப்ப எங்க அண்ணனுக்கு வருசம் முடியலீங்களா சாமி?"

"முப்பதாம் தேதிதான் முடியும்."

"நாங்க படைச்சது?"

"காக்கா சாப்ட்டிருக்கும். அவ்வளவுதான்."

அண்ணே, அந்தப் பிரகாரத்துக் கல் சுடுகிறது, எனக்குக் கால் சுடவே இல்லை. தாளைக் கடைசி வரைக்கும் புரட்டிப் பார்த்திருந்தால் அந்த இரண்டாவது பஞ்சமி கண்ணில் பட்டிருக்கும். முதலில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டேன். அவள் பாட வேண்டும் என்ற ஆசையில் என் கையே புரட்டுவதை நிறுத்திவிட்டதோ என்னவோ. அதை ஈஸ்வரனிடம்தான் கேட்க வேண்டும்.

கச்சேரிக்கு நாலே நாள் இருந்தது. சொன்னால் செல்வி பாட மாட்டாள். ஒரு வருசம் வாயைக் கட்டியவள், இன்னும் பதினைந்து நாள் கட்டுவாள். பெங்களூர்ப் பெண் வந்துவிடும், அப்புறம் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. சொல்லாவிட்டால், அப்பன் உயிர் வாசலில் நிற்கும்போது அவளை மேடை ஏற்றிய பழி என்னுடையது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ரஹீம் பாயிடம் மட்டும் சொன்னேன், அந்தக் கிளப்புக்கு மைக் கட்டப்போவதும் நம் செட்டுதானே. அவர் குழாய்க்கு வயர் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அண்ணன் இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

"தெரியலீங்களே பாய்."

"எனக்கும் தெரியல. ஆனா புக்கிங் ஆன பின்னாடி அவரு ஒரு நாளும் கேன்சல் பண்ணினதில்ல தங்கச்சி."

சரி, பழி என் தலையில் இறங்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால் நீங்க நம்ப மாட்டீங்க. கச்சேரிக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்த செல்விக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஏன் அத்தை பேசாம இருக்கீங்க, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சனிக்கிழமை மதியமே அரியலூர் போய்விட்டோம். கிளப் என்றதும் நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். நம் ஊர்க் கல்யாண மண்டபம் மாதிரிதான் இருந்தது, சுவருக்குச் சுண்ணாம்பு தாராளம். ரஹீம் பாய், மைக் ஷாக் அடிக்காமல் இருக்கத் தரையில் எர்த் கம்பி அடிக்கப் பின்பக்கம் போனார். தரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, கம்பி ஒரு முழம்கூட இறங்கவில்லை. அவர் சுத்தியலைப் போட்டுவிட்டு, "இந்த ஊருல பொணம் பொதைக்கக்கூட வெடி வச்சுத்தான் தோண்டணும்" என்றார். உத்திரத்துக்கு மூன்று நாள் கண் முழித்த மனுஷர், அலுப்பு.

ஆறு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். முன் வரிசையில் ஆறு வெள்ளைக்காரர்கள், ஆபீசர்கள், பட்டுப் புடவைப் பெண்கள். கடைசியில் பக்கவாட்டு வாசல் ஓரமாக நானும், கீழப்பழுவூரிலிருந்து வந்த சின்ன மாமாவும். அவரை யார் கூப்பிட்டது என்று தெரியவில்லை. பக்கத்து ஊர், மனுஷருக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"பேரு தமிழ்ச்செல்வி. பாடுறது இங்கிலீசு" என்றார் உட்காரும்போதே. "உங்கொண்ணன் பேரு வச்சதுக்கு அந்தக் காச ஆத்துல போட்டிருக்கலாம்."

"பேரு வைக்க என்ன மாமா காசு? பேரு வச்ச அன்னிக்கும் நீங்க மூணு தடவ சாம்பாரு வாங்கினீங்க, அதுதான் செலவு."

வாய் பேசியதே தவிர, நினைப்பெல்லாம் அந்த முப்பதாம் தேதியிலேயே இருந்தது.

டெரன்ஸ் சார் ஒரு வளைந்த ஊதுகுழல் வைத்திருந்தார். ஒருவர் ஆள் உயரத்துக்கு ஒரு வயலினை நிற்க வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். வில் கிடையாது, விரலால் சுண்டுகிறார். செல்வி ஊதாப் புடவையில் வந்து கும்பிட்டாள். டெரன்ஸ் சார் விரலைச் சொடுக்கினார். அவள் மைக்கைப் பிடித்தாள்.

பிடித்த கையை உதறிவிட்டாள்.

மறுபடியும் வாயருகே கொண்டுபோனாள், உதட்டில் சுரீர் என்று பட்டிருக்க வேண்டும், முகத்தைப் பின்னால் இழுத்தாள். குழாய் எல்லாம் ஙொய்யென்று ஒரே இரைச்சல். முன் வரிசை திரும்பிப் பார்த்தது. நீங்க அவளுக்குச் சொல்வீங்களே, மைக் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி, பக்கத்து ஆளிடம் யாராவது கத்துவார்களா என்று. அவள் பாட்டே உதட்டை மைக்கில் ஒட்டி வைத்துக்கொண்டு பாடுகிற பாட்டு. தள்ளி நின்று அதைப் பாட முடியாது. மைக்கோ அவளை அண்டவிடவில்லை.

"பாத்தியா" என்றார் மாமா. "ஆரம்பமே நல்லால்ல."

அண்ணன்தான் தடுக்கிறார் என்று நினைத்தேன். உங்க செட்டு, உங்க மைக், உங்க மகள். வருசம் முடியவில்லை என்று எனக்கும் உங்களுக்கும் ரஹீம் பாய்க்கும் தானே தெரியும். எழுந்து போய் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடலாமா என்று காலை ஊன்றினேன்.

அப்போதுதான் ரஹீம் பாய் ஆம்ப்ளிஃபயர் சுவிட்சை அணைத்தபடி என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தங்கச்சி, எர்த்து காஞ்சு போச்சு. நான் இத விட்டு நவுர முடியாது. கம்பிகிட்ட ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க."

இத்தனை வருசமும் அது உங்க வேலை. செட்டு இரைந்தால் நீங்கதான் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவீங்க. நான் குடிதண்ணீர் அண்டாவிலிருந்து ஒரு குடம் மொண்டுகொண்டு பின்பக்கம் ஓடினேன். ஐம்பத்து நாலு வயதில் ஓடினேன் அண்ணே, முட்டி வலி எங்கே போனது என்று தெரியவில்லை.

ஊற்றினால் பாறை குடிக்க மாட்டேன் என்கிறது. நாலு பக்கமும் வழிந்து ஓடுகிறது. உட்கார்ந்து கையாலேயே கம்பியைச் சுற்றி மண்ணை அணைத்து வரப்புக் கட்டினேன். அப்புறம் உள்ளங்கையில் வாங்கி வாங்கி விட்டேன். மூன்றாவது கை விடும்போதுதான் உறைத்தது. எள் இல்லை. பங்காளி மகன் இல்லை. பெண்பிள்ளை இதைச் செய்யலாமா என்று கேட்க ஆளும் இல்லை. தெற்கே பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன், அதுவும் நானாகப் பார்த்து உட்காரவில்லை.

"அண்ணே, தப்பு எம்மேல. புள்ள மேல இல்ல. இத வாங்கிக்கங்க" என்றேன்.

குடம் காலியாகிற வரைக்கும் விட்டேன். வரப்புக்குள் தண்ணீர் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மெல்ல உள்ளே போனது. உள்ளே ரஹீம் பாய் செட்டை மறுபடி போட்டார். இரைச்சல் இல்லை.

அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது அண்ணே, டெஸ்டிங் பாட்டு.

முதல் பாட்டாக அதைத்தான் வைத்திருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. ஈரக் காலோடு அங்கேயே நின்று கேட்டேன். இருபது வருசம் வெளியே நின்று கேட்ட பாட்டு, அன்றைக்கும் வெளியே நின்றுதான் கேட்டேன். ஆனால் இது அந்த ரெக்கார்டுப் பெண்பிள்ளை இல்லை. அவள் வேகமாகப் போகிற இடத்தில் செல்வி நிற்கிறாள். அவள் நிறுத்துகிற இடத்தில் செல்வி அடுத்த வார்த்தையை இழுத்துக்கொண்டு வருகிறாள். அதே பாட்டுதான். நம் ஓதுவார் ஒரு பதிகத்தை ஒரு நாள் பாடுகிற மாதிரி மறுநாள் பாட மாட்டாரே, அந்த மாதிரி.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். மாமா வாயைத் திறந்தபடி இருந்தார்.

"இது நம்ம மைக்செட்டு பாட்டுல்ல?"

"அதேதான் மாமா."

"இதுக்கு அப்புறம் புள்ளையார் பாட்டுல்ல வரணும்?"

வரவில்லை. நானும் பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கிவிட்டேன். அடுத்தது இன்னொரு இங்கிலீஷ் பாட்டு வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நாலு நாளைக்குப் பிறகு முதல் சிரிப்பு. பிள்ளையார் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று வீட்டுக்கு வந்த உடனே ஒரு தேங்காய் உடைத்துவிட்டேன், அந்தக் கணக்கு சரி.

அவர்கள் கச்சேரி முறையே தனி அண்ணே. பாட்டுப் பாதியில் செல்வி ஒதுங்கி நின்று டெரன்ஸ் சாரைப் பார்க்கிறாள். அவர் ஊதி முடித்து வயலின்காரரைப் பார்க்கிறார். ஒவ்வொருவர் முடிக்கும்போதும் சனங்கள் நடுவிலேயே கை தட்டுகிறார்கள். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து மாமா இரண்டு தடவை எழுந்துவிட்டார். ஒரு பாட்டில் செல்வி வார்த்தையையே விட்டுவிட்டு வெறும் சத்தத்தாலேயே ஓட ஆரம்பித்தாள். "என்னடி இது, அர்த்தமே இல்லாம" என்றார் மாமா. ஆராரோவுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

ஒரு பாட்டு மட்டும் ரொம்ப மெதுவாகப் பாடினாள். வாத்தியங்கள் எல்லாம் அடங்கி, அந்தப் பெரிய வயலின் மட்டும் கூடவே நடந்தது. கடைசி வரிசையில் இருந்த எனக்கு அவள் என் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது. பக்கத்து ஆள் என்றீங்களே, அதுதான். பிறகு பஸ்ஸில் வரும்போது அது என்ன பாட்டு என்று கேட்டேன். "ஒருத்தரு வரேன்னு சொல்லிட்டு வராமப் போயிடறாரு அத்தை. அவரு மேல கோவம் இல்லேன்னு பாடறது" என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

முடிந்ததும் முன் வரிசையே எழுந்து நின்று தட்டியது. ஒரு நரைத்த வெள்ளைக்காரர் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். இந்தப் பாட்டையெல்லாம் இங்கே யாரிடம் கற்றாய் என்று கேட்டாராம். இவள் ரஹீம் பாய் சுருட்டிக்கொண்டிருந்த வயரையும் குழாயையும் காட்டியிருக்கிறாள். அவருக்கு என்ன புரிந்ததோ. டெரன்ஸ் சார் என்னிடம் வந்து, "பெங்களூருக்கு நாளைக்கே லெட்டர் போட்டுடறேன்மா, வர வேண்டாம்னு" என்றார். மாமா கிளம்பும்போது, "நல்லாத்தான் பாடுது. ஒண்ணும் வெளங்கல, ஆனா நல்லாத்தான் பாடுது" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ஆனாலும் அண்ணே, எனக்குப் பாதி பாரம்தான் இறங்கியிருந்தது. அவளிடம் மறைத்தது மறைத்ததுதானே. முப்பதாம் தேதி, இரண்டாவது பஞ்சமிக்கு அவளை வரச் சொல்லி எழுதினேன். மறுபடியும் எதற்குப் படையல் என்று அவள் கேட்கவில்லை, வந்தாள். உங்களுக்குப் பிடித்த வாழைக்காய்க் கறி, பாசிப்பருப்புப் பாயசம். காக்கை இந்தத் தடவை கூப்பிடுவதற்கு முன்னாலேயே ஓட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. எல்லாம் முடிந்து இலை எடுத்த பிறகு, கொல்லையில் பாத்திரம் கழுவும்போது எல்லாவற்றையும் சொன்னேன். காலண்டர், குருக்கள், ரஹீம் பாய், குடத்துத் தண்ணீர், ஒன்று விடாமல்.

"எம் மேல கோவமாடி?" என்று கேட்டேன்.

அவள் சாம்பல் கையோடு அண்டாவைத் தேய்த்து முடித்தாள்.

"வருசம் முடியற வரைக்கும் உசுரு வூட்டச் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும்னு நீங்கதான சொன்னீங்க அத்தை?"

"ஆமா. சொன்னேன்."

"அப்ப அன்னிக்கு அப்பா போவல."

"போவல. இன்னிக்குத்தான்."

"அப்ப கேட்டிருக்காருல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி அந்த அண்டாவையே தேய்த்தாள், ஏற்கெனவே தேய்த்த அண்டா. தேய்த்துக்கொண்டே பாடினாள். மெதுவாக இல்லை, நல்லா வாய்விட்டு. எதிர் வீட்டில் டி.வி.யைக் குறைத்தார்கள்.

அண்ணே, நான் தாளைக் கடைசி வரைக்கும் புரட்டியிருந்தால் அந்தக் கச்சேரியே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். முப்பதாம் தேதிக்கு மேல் அவள் எங்கே பாடியிருந்தாலும் நீங்க போய்ச் சேர்ந்திருப்பீங்க. உங்க ஆயுசில் எல்லாச் சனிக்கிழமைக்கும் யாரோ ஒருத்தர் புக்கிங் போட்டிருந்தார்கள். அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் உங்களுக்கு வேலை இல்லை. நின்று கேட்டீங்களா, உட்கார்ந்து கேட்டீங்களா? ரஹீம் பாய் பக்கத்திலா, இல்லை என்கூட அந்த எர்த் கம்பிகிட்டவா?

நான் இனிமேல் காலண்டரைக் கடைசித் தாள் வரைக்கும் பார்ப்பேன், அது சத்தியம். வருசா வருசம் சரியான பஞ்சமியில் படையல் போடுவேன். அன்றைக்கு உங்க ஆம்ப்ளிஃபயரை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். முதலில் எர்த் கம்பிக்கு ஒரு குடம் தண்ணீர், அதை நானே ஊற்றுவேன். அப்புறம் டெஸ்டிங் பாட்டு. அது ஓடி முடிந்த பிறகுதான் இலை போடுவோம். பாட்டுக் கேட்டதும் எங்கே இருந்தாலும் கிளம்பிவிடுங்க, சோறு ஆறிவிடும்.

குடம் இறக்கி வைத்த நிம்மதியோடு,
உங்க கூடப் பிறந்தவள், செல்விக்கு அத்தை,
காமாட்சி